விக்கிமீடியா ஏன் வியூவைத் தேர்ந்தெடுத்தது? ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு நிறுவனத்தின் நிரலாளர்கள் அனைவரும் இனி ஒரே ஃபிரேம்வொர்க்கில்தான் (இடைமுகத்தை எழுதுவதற்கான ஆயத்த நிரல் கட்டமைப்பில்தான்) எழுத வேண்டும் என்ற முடிவு பெரும்பாலும் மூடிய அறைக்குள் எடுக்கப்படுகிறது. வெளியே வருவது ஒரு மின்னஞ்சல் மட்டுமே. எதை எதோடு ஒப்பிட்டார்கள், யார் எதிர்த்தார்கள், எதற்குப் பதில் கிடைக்கவில்லை என்பதெல்லாம் அறையோடு நின்றுவிடும். அந்த வகையில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை வியூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கை 2019–20-இல் தேர்ந்தெடுத்த விதம் அரிதானது. முன்மொழிவும் மறுப்பும் திருத்தமும் ஃபேப்ரிகேட்டர் என்ற அவர்களுடைய பொதுப் பணித்தளத்தில், எவரும் படிக்கும்படி நடந்தன. அறக்கட்டளை லாப நோக்கற்ற அமைப்புதான். ஆனாலும் சம்பளம் வாங்கும் நிரலாளர்கள், குழுவுக்கு ஒரு விருப்பம், தொட அஞ்சும் பழைய நிரல் என்று எந்த மென்பொருள் நிறுவனத்துக்கும் உள்ள சிக்கல்கள் அங்கேயும் உண்டு. ஒன்றிரண்டு கூடுதலாகவே உண்டு.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் கையிலிருந்த பழைய கருவி ஒரு முக்கியமான வேலையைப் புதியதைவிட நன்றாகச் செய்தது. தெரிந்தேதான் அதை விட்டுக்கொடுத்தார்கள்; ஆட்களுக்காக விட்டுக்கொடுத்தார்கள். சரியான பேரம் என்றே நினைக்கிறேன். மலிவான பேரம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

2019-இல் இருந்த நிலை

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி, பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட மென்பொருள். அதன் வேர்கள் 2002-க்குப் போகின்றன. உலாவியில் ஓடும் பகுதி அதற்குப் பிறகு அடுக்கடுக்காகச் சேர்ந்தது. 2010-இல் வெளியான 1.16 பதிப்போடு ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம் உள்ளே வந்தது. அடுத்த ஆண்டு 1.17-இல் ரிசோர்ஸ்லோடர் வந்தது. இது பக்கத்துக்குத் தேவையான ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் கோப்புகளைக் கோரிக்கை வரும்போதே பிஎச்பியில் திரட்டி, சுருக்கி, கட்டாக அனுப்பும் அமைப்பு. இதே வேலையைச் செய்யும் வெப்பேக் போன்ற கருவிகள் பரவுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அவர்களே செய்துகொண்ட ஏற்பாடு. அந்தக் காலத்துக்கு அது மிக முன்னேறிய வேலை. பின்னாளில் அதுவே காலைக் கட்டியது.

விக்கிக் குறியீடு தெரியாமலே கட்டுரையைத் தொகுக்க உதவும் காட்சித் திருத்தி எழுதப்பட்டபோது அதற்கென்று ஓஓயுஐ என்ற இடைமுக நிரலகம் பிறந்தது. பொத்தான், உரையாடல் பெட்டி, கீழிறங்கு பட்டியல் என அனைத்தும் அதில் இருந்தன. மொபைல் தளத்துக்கு வேறொரு குழு வேறொரு சிறு அமைப்பை வைத்திருந்தது. இணைப்பின் மேல் சுட்டியை வைத்தால் எட்டிப் பார்க்கும் பக்க முன்னோட்டத்தை எழுதியவர்கள் ஃபேஸ்புக்கின் ரியாக்ட் ஃபிரேம்வொர்க் இல்லாமலே, வழக்கமாக அதோடு சேர்ந்து வரும் ரிடக்ஸ் நிரலகத்தைக் கொண்டுவந்தார்கள். ஜெர்மனியில் இயங்கும் விக்கிமீடியா டாய்ச்லாந்து, விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளத்துக்காகத் தனியே வியூவில் எழுதத் தொடங்கியிருந்தது. யாரும் தவறாக எதையும் செய்யவில்லை. அவரவர் கையிலிருந்த வேலைக்கு ஏற்றதை அவரவர் எடுத்தார்கள். மொத்தத்தில், ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நிரலாளர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரைப்போல் ஆரம்பத்திலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

ஓஓயுஐ-யின் குறை அதன் தரத்தில் இல்லை. விக்கிமீடியாவுக்கு வெளியே அதை அறிந்தவர்கள் ஏறக்குறைய எவரும் இல்லை என்பதே குறை. பிழைச் செய்தியைத் தேடுபொறியில் இட்டால் பதில் கிடைக்காது. வேலைக்கு வருபவருக்கு அது முன்பே தெரிந்திருக்காது. கற்றுக்கொண்டாலும் அடுத்த வேலைக்கு அது உதவாது. அதைப் பராமரிக்கும் சிலர் வேறு பணிக்குப் போனால் கேள்வி கேட்கவும் ஆள் இல்லை. சொந்தமாக ஃபிரேம்வொர்க் எழுதி வைத்திருக்கும் நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கையைக் கட்டிய நிபந்தனைகள்

அறக்கட்டளை இதற்கென ஒரு முன்முகப்புக் கட்டமைப்புக் குழுவை அமைத்தது. 2019-இன் கடைசியில் முன்மொழிவு பொதுப் பார்வைக்கு வந்தது. ‘சிறந்த ஃபிரேம்வொர்க் எது?’ என்று கேட்டிருந்தால் அந்த விவாதம் இன்றுவரை முடிந்திருக்காது. ‘நம்முடைய இந்த நிலைமையில் எது ஓடும்?’ என்று கேட்டார்கள். நிலைமை இதுதான்.

ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத உலாவியிலும் கட்டுரையைப் படிக்க முடிய வேண்டும். அடிப்படையான தொகுப்பும் நடக்க வேண்டும். பழைய கைப்பேசியும் மெதுவான இணைப்பும் வைத்திருப்பவர்கள் விக்கிப்பீடியாவின் வாசகர்களில் ஓரத்தில் இருக்கும் சிலர் அல்லர். ஆகவே பக்கம் முழுவதையும் உலாவியில் கட்டி எழுப்பும் ஒற்றைப் பக்கச் செயலி என்ற பேச்சுக்கே இடமில்லை. இருக்கும் பக்கத்தில் ஒரு மூலையை மட்டும் பிடித்துக்கொண்டு இயங்கக்கூடிய கருவி வேண்டும்.

அடுத்தது வழங்கி. மீடியாவிக்கியை விக்கிமீடியா மட்டும் பயன்படுத்தவில்லை. மாதம் சில நூறு ரூபாய் வாடகையில் பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் மட்டும் கிடைக்கும் பகிர்வு வழங்கியில் அதை நிறுவிக்கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் ‘இனி, வழங்கியில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்ஜேஎஸ்ஸையும் நிறுவுங்கள்’ என்று சொல்ல முடியாது. இதில் ஒரு சூடான அனுபவமும் இருந்தது. விக்கி உரையை எச்டிஎம்எல்லாக மாற்றும் பார்சாய்டு முதலில் நோட்ஜேஎஸ்ஸில் தனிச் சேவையாக ஓடியது. காட்சித் திருத்தி வேண்டுமென்றால் அதையும் நிறுவியாக வேண்டும். சிறு விக்கிகளுக்கு அது பெரிய தலைவலி. அதை முழுவதுமாக பிஎச்பிக்குப் பெயர்த்து எழுதி, 2019 டிசம்பரில்தான் விக்கிமீடியா வழங்கிகளில் ஏற்றினார்கள். நோட் சார்பை அரும்பாடுபட்டு வெளியே அனுப்பிய அதே மாதத்தில், நோட் இல்லாமல் வழங்கியில் பக்கம் வரையத் தெரியாத ஃபிரேம்வொர்க்குகளைப் பற்றிய முன்மொழிவு மேசைக்கு வந்தது. இந்த முரணை விவாதத்தில் இருந்தவர்கள் கவனிக்காமல் இல்லை.

மூன்றாவது, தன்னார்வலர்கள். விக்கிப்பீடியாவின் கருவிகளில் கணிசமானவை விக்கிச் சமூகங்களின் தன்னார்வலர்கள் விக்கிப் பக்கத்திலேயே எழுதியவை. தமிழ் விக்கிப்பீடியாவில் பகுப்புகளைச் சேர்க்கவும் நீக்கவும் உதவும் ஹாட்கேட், அதாவது விரைவுப்பகுப்பி, அப்படி எழுதப்பட்ட ஒரு கருவிதான். ஓர் இடைமுக நிருவாகி விக்கியின் தொகுப்புப் பெட்டியைத் திறந்து ஜாவாஸ்கிரிப்டை எழுதிச் சேமிப்பார். அடுத்த நிமிடம் அது ஓடும். நிரலை முன்கூட்டியே மாற்றித் தயாரிக்கும் தொகுப்பு வேலை, வெளிப் பொதிகளை இறக்கும் என்பிஎம், கட்டளைத் திரை எதுவும் நடுவில் கிடையாது. தேர்ந்தெடுக்கப்படும் ஃபிரேம்வொர்க் இவர்களுக்கும் கைவராவிட்டால், சம்பள நிரலாளர்களுக்கு ஒரு மொழி, தன்னார்வலர்களுக்கு இன்னொன்று என்று வேலி விழுந்துவிடும்.

தொகுப்புப் படிநிலை இல்லாதது அறக்கட்டளையின் சொந்த வழங்கிகளுக்கும் பொருந்தும். நிரலைச் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் இருப்பதே நேராக வழங்கிக்குப் போகும். அதைச் சுருக்கி அனுப்புவது ரிசோர்ஸ்லோடரின் பொறுப்பு. இடையில் ஒரு தொகுப்புப் படியைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை 2018 முதலே இருந்தது. உலகின் மிகப் பெரிய தளங்களில் ஒன்றுக்குப் போகும் நிரலின் நடுவே நூற்றுக்கணக்கான என்பிஎம் பொதிகளை யார் நம்புவது என்ற அச்சம் நியாயமானது. கோரிக்கை அப்படியே கிடந்தது.

ரியாக்டா, வியூவா

கடைசிச் சுற்றில் எதிரெதிரே நின்றவை இந்த இரண்டும்தான். கூகுளின் ஃபிரேம்வொர்க்கான ஆங்குலரை நினைத்தாலே பலருக்கு 2014 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு மாநாட்டில், ஆங்குலரின் இரண்டாம் பதிப்பு முற்றிலும் வேறொன்றாக இருக்கும் என்று அதன் குழு அறிவித்தது. பழையதில் எழுதியவர்கள் அதை அப்படியே புதியதற்குக் கொண்டுபோக வழியில்லாமல் நின்றார்கள்.

ரியாக்டுக்கும் ஒரு முன்கதை உண்டு. அதன் உரிமத்தோடு ஃபேஸ்புக் ஒரு காப்புரிமை நிபந்தனையை ஒட்டியிருந்தது. 2017 ஜூலையில் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை, அந்த உரிமத்தில் உள்ள எதையும் தன் திட்டங்களில் சேர்க்கக் கூடாது என்றது. செப்டம்பர் 14 அன்று வலைத்தள மென்பொருளான வேர்ட்பிரஸின் மாட் முல்லன்வெக், தங்கள் புதிய திருத்தி ரியாக்டை விட்டு விலகப் போகிறது என்று எழுதினார். ஒரு வாரம்கூட ஃபேஸ்புக் தாங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். சரியாகச் சொன்னால் எட்டாம் நாள், செப்டம்பர் 22 அன்று, எம்ஐடி உரிமத்துக்கு மாறுவதாக அறிவித்தது. வேர்ட்பிரஸ் ரியாக்டிலேயே தங்கி, 2018 டிசம்பரில் குட்டன்பர்க் திருத்தியை வெளியிட்டது. விக்கிமீடியா விவாதித்த காலத்தில் சட்டச் சிக்கல் எதுவும் மிச்சமில்லை. ஆனாலும், ஒரே நிறுவனத்தின் கையிலிருக்கும் கருவியை நம்பினால் அந்த நிறுவனத்தின் வழக்கறிஞர்களையும் சேர்த்தே நம்ப வேண்டியிருக்கிறது என்பதைத் திறமூல உலகம் முழுவதும் நேரில் பார்த்துவிட்டிருந்தது.

வியூவை 2014-இல் வெளியிட்டவர் இவான் யூ என்ற நிரலாளர். பின்னால் பெருநிறுவனம் எதுவும் இல்லை. நன்கொடையிலும் ஆதரவாளர்கள் தரும் பணத்திலும் நடக்கும் திட்டம். இதை வலிமை என்றும் சொல்லலாம், ஒரு மனிதரை நம்பியிருக்கும் அபாயம் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான். நன்கொடையில் நடக்கும் விக்கிமீடியாவுக்கு முதல் பார்வை இயல்பாகவே பிடித்திருக்கும்.

என்னைக் கேட்டால் முடிவைத் தீர்மானித்தது இந்தத் தத்துவமெல்லாம் இல்லை. ரியாக்டில் எல்லோரும் எழுதும், ஜாவாஸ்கிரிப்டுக்குள் எச்டிஎம்எல் போன்ற வரிகளைக் கலக்கும் ஜேஎஸ்எக்ஸ் நடையைத் தொகுக்காமல் உலாவிக்கு அனுப்ப முடியாது. வியூவின் வார்ப்புரு பார்வைக்கு எச்டிஎம்எல் போலவே இருக்கும். ஒரு ஸ்கிரிப்ட் வரியைச் சேர்த்தால் தொகுப்புப் படிநிலை இல்லாமலேயே ஓடும். பிஎச்பியும் எச்டிஎம்எல்லும் தெரிந்தவர் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார். விக்கிமீடியா டாய்ச்லாந்திடம் உண்மையான பயன்பாட்டில் ஓடும் நிரலும் இருந்தது: விக்கித்தரவின் சொல்வளப் பக்கங்கள், 2019-இல் வந்த மொபைல் தொகுப்புப் பெட்டி. மேலே சொன்ன நிபந்தனைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வியூவைத் தவிர வேறு எதற்கும் போவது கடினம். கிட்ஹப் நட்சத்திர எண்ணிக்கையைத் திரையில் ஓட்டிக் காட்டும் கூட்டங்களில் உட்கார்ந்து சலித்தவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

2020-இன் தொடக்கத்தில் முன்மொழிவு ஏற்கப்பட்டது. அந்த ஆண்டு வந்த மீடியாவிக்கி 1.35-இல் வியூ உள்ளடங்கி இருந்தது.

முடிவுக்குப் பிறகு

அறிவிப்புக்குப் பிந்தைய வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு வியூ கோப்பே போதும். அதில் வார்ப்புரு, நிரல், அலங்காரம் என்று மூன்று பகுதிகள் ஒன்றாக இருக்கும். வெளியுலகில் அதைப் பிரித்துத் தொகுப்பது நோட்ஜேஎஸ்ஸில் ஓடும் கருவிகளின் வேலை. மீடியாவிக்கியில் அந்த வேலையை ரிசோர்ஸ்லோடருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்: பிஎச்பியே கோப்பைப் படித்து மூன்றையும் பிரிக்கும்; வார்ப்புருவை வெறும் எழுத்துச் சரமாக உலாவிக்கு அனுப்பும்; உலாவியில் வந்த பிறகு வியூ அதைத் தொகுத்துக்கொள்ளும்.

நேர்த்தியான தீர்வு. விலையும் உண்டு. வியூ தேவைப்படும் வசதியைத் தொடும் ஒவ்வொருவரும் தொகுப்பான் உள்ளடங்கிய முழு வியூவையும் இறக்க வேண்டும். அது இல்லாத பதிப்பு சுமார் 30% இலகுவானது என்று வியூவின் ஆவணமே சொல்கிறது. உலாவியில் சரத்தை நிரலாக மாற்றுவதால் கடுமையான பாதுகாப்புக் கொள்கைகளை வைப்பதும் சிரமம். எல்லாவற்றையும்விட, இங்கே எழுதும் வியூ வெளியே எழுதும் வியூவைப் போலவே இருப்பதில்லை. இம்போர்ட், எக்ஸ்போர்ட் வரிகளுக்குப் பதிலாகப் பழைய மாட்யூல்.எக்ஸ்போர்ட்ஸ் நடை. ஜாவாஸ்கிரிப்டோடு வகைச் சரிபார்ப்பைச் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட் கிடையாது. வியூ 3 பாடங்களில் முதல் பக்கத்திலேயே வரும் ஸ்கிரிப்ட் செட்டப் நடை கிடையாது. வெளியே கிடைக்கும் அறிவை உள்ளே கொண்டுவரத்தான் இந்தத் தேர்வே நடந்தது. அப்படியிருக்க, இணையத்தில் கிடைத்த எடுத்துக்காட்டைப் பிரதி எடுத்து ஒட்டும் புதியவர் முதல் வரியிலேயே தடுக்கி விழுகிறார். தேர்வின் பலனில் எவ்வளவு இந்த இடுக்கில் கசிந்து போனது என்று கணக்கிடுவது கடினம். சிறிது போயிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பிறகு வியூ 3 வந்தது. மீடியாவிக்கி 1.35 வெளியான அதே 2020 செப்டம்பரில் வந்தது! இரண்டாம் பதிப்பில் எழுதத் தொடங்குவதற்குள் அது பழையதாகிவிட்டது. புதிய பதிப்பு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-ஐக் கைவிட்டது. அந்த உலாவியில் இல்லாத பிராக்சி வசதியின் மேல்தான் அது கட்டப்பட்டிருந்தது. வேறொரு நிறுவனம் இந்த இடத்தில் மாதக்கணக்கில் தவித்திருக்கும். இங்கே பழைய நிபந்தனை ஒன்று கைகொடுத்தது: ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் தளம் ஓட வேண்டும் என்பது சட்டமாகவே இருந்ததால், பழைய உலாவிக்காரர்களுக்குக் கட்டுரை எப்போதும்போல் திறந்தது, புதிய வசதிகள்தான் கிடைக்கவில்லை. வியூவின் இணக்கப் பதிப்பை நடுவில் வைத்து மெல்ல மாறினார்கள். 2016-லேயே வியூவைத் தேர்ந்தெடுத்து அதை விளக்கியும் எழுதிய கிட்லாப் நிறுவனம், 2023 டிசம்பர் 31-இல் வியூ 2-க்கான ஆதரவு முடிந்த பிறகும் இந்த மாற்றத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. எழுதிய நிரல் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு மெதுவாகத்தான் நகர முடியும்.

வாசகர் கண்ணில் முதலில் பட்டது தேடல் பெட்டி. விக்கிப்பீடியாவின் புதிய வெக்டர் 2022 தோற்றத்தில் அந்தப் பெட்டி முதலில் வெறும் எச்டிஎம்எல் படிவமாகத்தான் வருகிறது. அப்போது வியூ இறங்கியிருப்பதே இல்லை. நீங்கள் பெட்டிக்குள் சுட்டியை வைத்த பிறகே அது இறங்கத் தொடங்கும். பரிந்துரைகள் ஏற்றப்படுவதாக ஒரு வரி தோன்றும். பிறகு படமும் சிறு விவரமும் கொண்ட பட்டியல் விரியும். வியூ வராமலே போனாலும் தட்டச்சிட்டு என்டரை அழுத்தினால் தேடல் நடக்கும். படிக்க மட்டும் வந்தவர் ஒரு பைட்டுகூட வியூவுக்குச் செலவழிப்பதில்லை. இந்த முழு நிகழ்விலும் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இதுதான். ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்தத் தோற்றம் 2023 ஜனவரியில் இயல்பானதாயிற்று.

தேடலுக்காக எழுதிய நிரலகம் வேறு, மற்றக் குழுக்கள் எழுதியவை வேறு என்று வியூவுக்குள்ளேயே மறுபடியும் பிரிவு தொடங்கியது. ஃபிரேம்வொர்க்கைப் பொதுவாக்கியும் ஆளுக்கொரு பொத்தான் எழுதப்பட்டது. அதற்கான மருந்துதான் கோடெக்ஸ்: வியூ 3-இல் எழுதிய பொதுக் கூறுகள், நிறத்துக்கும் இடைவெளிக்கும் பொது மதிப்புகள், எல்லாக் குழுக்களுக்கும் ஒரே ஆவணம். கோடெக்ஸை உருவாக்க மட்டும் டைப்ஸ்கிரிப்டும் வைட் என்ற தொகுப்புக் கருவியும் தாராளமாகப் பயன்படுகின்றன; முன்கூட்டியே தொகுத்த கோப்புகள்தான் மீடியாவிக்கிக்குள் வருகின்றன. மீடியாவிக்கி 1.39 முதல் அது உடன் வருகிறது. நிரலாளர் அன்றாடம் தொடுவது கோடெக்ஸை. வியூ அதற்கு அடியில் இருக்கிறது. தரப்படுத்தல் உண்மையில் நடந்தது 2020-இல் அல்ல, கோடெக்ஸ் வந்த பிறகுதான் என்பேன். ‘ரியாக்டா, வியூவா’ என்று மாதக்கணக்கில் வாதாடிவிட்டு, பொத்தானை யார் எழுதுவது என்பதை யாருக்கும் ஒப்படைக்காமல் எழுந்துபோகும் நிறுவனங்கள் அனேகம்.

தீராதவை

விட்டுக்கொடுத்தது எது என்று தொடக்கத்தில் சொல்லாமல் வைத்திருந்தேன். ஓஓயுஐ-க்கு இரண்டு உடல்கள் உண்டு: ஒன்று பிஎச்பியில், ஒன்று ஜாவாஸ்கிரிப்டில். வழங்கியில் பிஎச்பி ஒரு படிவத்தை முழுமையாக வரைந்து அனுப்பும். உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் வந்து அதே படிவத்துக்கு உயிர் கொடுக்கும். ஜாவாஸ்கிரிப்ட் இல்லையென்றாலும் படிவம் இருக்கும். இந்த அமைப்புக்கு வேண்டியது இதுவே. வியூவில் இதற்கு நோட்ஜேஎஸ் வேண்டும். நோட்ஜேஎஸ் கூடாது என்பது நிபந்தனை. ஆக, பழைய கருவி தீர்த்து வைத்திருந்த சிக்கலைப் புதியது மறுபடி திறந்துவிட்டது.

சமாளிப்புகள் பல நடந்தன. விக்கிமீடியா டாய்ச்லாந்து, வியூ வார்ப்புருவின் ஒரு சிறு பகுதியை மட்டும் புரிந்துகொள்ளும் பிஎச்பி நிரலகத்தை எழுதிப் பார்த்தது. மொபைல் தொகுப்புப் பெட்டிக்குத் தனி நோட் சேவையே வைத்தது. விக்கிமீடியா பொதுவகத்தின் படத் தேடலை எழுதியவர்கள் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாதவர்களுக்கு, பிஎச்பியே வரையக்கூடிய மஸ்டாஷ் வார்ப்புருவிலும் மற்றவர்களுக்கு வியூவிலும் என்று ஒரே முகப்பை இருமுறை எழுதினார்கள். கடைசியில் கோடெக்ஸ் எடுத்த வழி எளிமையானது: பல கூறுகளுக்கு சிஎஸ்எஸ் மட்டுமே போதும் என்ற வடிவத்தையும் சேர்த்துத் தருவது. பிஎச்பி வெறும் எச்டிஎம்எல்லை எழுதி உரிய வகுப்புப் பெயரை இட்டால் பொத்தான் பொத்தானாகத் தெரியும். ஓஓயுஐ செய்ததற்கு இது ஈடாகாது, ஆனால் பெரும்பாலான பக்கங்களுக்குப் போதுமானது.

பழையவை போகவும் இல்லை. காட்சித் திருத்தி இன்னும் ஓஓயுஐ-யில்தான் நிற்கிறது. அதைப் பெயர்த்து எழுதுவது தனியொரு பெருந்திட்டம். ஜேக்வெரியை எடுத்தால் உலகெங்கும் தன்னார்வலர்கள் எழுதி வைத்த கருவிகள் ஒரே இரவில் நின்றுபோகும். தமிழர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. விக்கிப்பீடியாவில் எந்த மென்பொருளும் நிறுவாமல் தமிழ்99, பாமினி, இன்ஸ்கிரிப்ட் என்று விரும்பிய முறையில் தட்டச்ச உதவும் உள்ளீட்டுக் கருவியின் பெயரே ஜேக்வெரி.ஐஎம்இ. மொழித் தேர்வுப் பெட்டியும் அதே குடும்பம். அவற்றை மாற்றி எழுதுவதைவிட அப்படியே ஓடவிடுவதே இப்போதைக்குச் சிக்கனம். ஆகவே புதிய தோற்றத்தின் தேடல் பெட்டியில் தமிழில் தட்டச்சினால், எழுத்தை மாற்றித் தருவது 2006-இல் பிறந்த ஜேக்வெரியின் மேல் நிற்கும் நிரல். கீழே பட்டியலை விரிப்பது வியூ.